எழுத்து எங்கே நின்றுபோகிறது?

எழுத உட்கார்ந்தால் ஒரு வரிகூட ஓடமாட்டேன் என்கிறது என்று புலம்புகிறவரிடம், "சரி, என்னதான் சொல்ல வருகிறீர்கள்?" என்று கேட்டுப் பாருங்கள். சிலர் மடமடவென்று பத்து நிமிடம் பேசிவிடுவார்கள். கேட்கிற நமக்கும் நன்றாகப் புரியும். வேறு சிலர் இரண்டு வாக்கியம் சொன்னதுமே, "அதாவது... எப்படிச் சொல்வது..." என்று இழுப்பார்கள். இரண்டு பேரின் தாளும் காலியாகத்தான் இருக்கிறது. ஆனால் முன்னவருக்கு விஷயம் தயார். எழுத்து என்றதும் ஏதோ ஒன்று கையைப் பிடித்து இழுக்கிறது. பின்னவருக்கு விஷயமே இன்னும் உருவாகவில்லை. இந்த வித்தியாசத்தைப் பார்க்காமல் இருவருக்கும் "தினமும் எழுதுங்கள், தானாக வரும்" என்று ஒரே மருந்தைக் கொடுப்பதால்தான் பலருக்கு அது பலிப்பதில்லை.

'ரைட்டர்ஸ் பிளாக்' என்று இன்று எல்லோரும் சொல்கிற பெயரை 1940களில் புழக்கத்துக்குக் கொண்டுவந்தவர் எட்மண்ட் பெர்க்லர். வியன்னாவிலிருந்து நியூயார்க்குக்குக் குடிபெயர்ந்த உளப்பகுப்பாய்வாளர். எழுத முடியாமல் போவது ஆழ்மனச் சிக்கல், தன்னைத் தானே வதைத்துக்கொள்ளும் மனப்போக்கின் ஒரு வடிவம் என்று அவர் நினைத்தார். அந்தக் கொள்கையை இன்று தீவிரமாக எடுத்துக்கொள்கிறவர்கள் குறைவு. ஆனால் அதன் நிழல் மட்டும் போகவில்லை. எழுத்து நின்றுவிட்டால் நம் மனதில், நம் திறமையில், நம் குணத்தில் ஏதோ கோளாறு என்று நாம் இன்னும் நம்புகிறோம். அந்த நம்பிக்கையே பாதி ஆளை முடக்கிவிடுகிறது.

1980இல் மைக் ரோஸ் என்ற கல்வியாளர் இதை வேறு பக்கமிருந்து பார்த்தார். கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் லாஸ் ஏஞ்சல்ஸ் வளாகத்தில் பத்து மாணவர்களை எடுத்துக்கொண்டார். ஐந்து பேர் எழுதும்போது அடிக்கடி சிக்கி நிற்பவர்கள். ஐந்து பேருக்கு அந்தச் சிக்கல் இல்லை. சிக்கியவர்கள் திறமை குறைந்தவர்கள் இல்லை என்பதுதான் அவர் கண்ட முதல் விஷயம். அவர்களைக் கட்டிப்போட்டது அவர்களிடமிருந்த விதிகள். ஒருவர் எழுதுகிற ஒவ்வொரு வாக்கியமும் முதல் தடவையிலேயே இலக்கணப் பிழையில்லாமல் வர வேண்டும் என்று நினைத்தார். இன்னொருவருக்கு முதல் பத்தியே வாசகரைச் சுண்டி இழுத்தாக வேண்டும். அது அமையாமல் இரண்டாம் பத்திக்குப் போக மாட்டார். சிக்கல் இல்லாதவர்களுக்கும் விதிகள் இருந்தன. ஆனால் ஒத்துவந்தால் பயன்படுத்தினார்கள், ஒத்துவராவிட்டால் தள்ளிவைத்தார்கள்.

இந்த ஆய்வை நான் முக்கியமாக நினைப்பதற்குக் காரணம் உண்டு. அந்த விதிகள் எதுவுமே தப்பான விதிகள் இல்லை. பிழையில்லாமல் எழுத வேண்டும் என்பதும் முதல் பத்தி ஈர்க்க வேண்டும் என்பதும் நல்ல ஆசிரியர்கள் அக்கறையோடு சொல்லிக் கொடுத்தவை. அவை வேலை செய்ய வேண்டிய நேரம்தான் மாறிப்போயிருக்கிறது. கடைசியில் வர வேண்டிய விதி முதலிலேயே வந்து வாசலில் நிற்கிறது.

இது ஏன் இவ்வளவு பாதிக்கிறது என்பதை 1981இல் லிண்டா ஃப்ளவர், ஜான் ஹேய்ஸ் என்ற இரு ஆய்வாளர்கள் முன்வைத்த விளக்கம் புரியவைக்கிறது. திட்டமிடுவது, எண்ணத்தைச் சொல்லாக்குவது, எழுதியதைத் திருப்பிப் பார்ப்பது என்று எழுத்தில் மூன்று வேலைகள் இருக்கின்றன. அவை வரிசையாக ஒன்று முடிந்து இன்னொன்று வருவதில்லை. ஒன்றின் நடுவில் இன்னொன்று புகுந்துகொண்டே இருக்கும். ஒரே நேரத்தில் மனதில் ஏந்திவைக்கக்கூடிய விஷயங்களோ மிகக் குறைவு. நான்கைந்தைத் தாண்டுவது கடினம். அடுத்து என்ன சொல்வது, எந்தச் சொல், சந்தி சரியா, படிப்பவர் என்ன நினைப்பார், இதற்கு முந்தின வாக்கியத்தோடு ஒட்டுகிறதா என்று எல்லாவற்றையும் ஒன்றாகத் தூக்கினால் எதுவும் நகராது. அனுபவமுள்ள எழுத்தாளருக்கும் இதே கொள்ளளவுதான். எதை இப்போது கீழே வைக்கலாம் என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது, அவ்வளவே.

பேசும்போது நன்றாக வந்து எழுதும்போது நின்றுபோகிறவர்களுக்கு இதிலேயே வழி இருக்கிறது. பேசியதைக் கைபேசியில் பதிவு செய்து, அப்படியே தட்டச்சு செய்துகொள்ளலாம். எதிரில் ஒரு ஆள் இருக்கும்போது நாம் இயல்பாகவே எதை முதலில் சொல்ல வேண்டும், எங்கே உதாரணம் கொடுக்க வேண்டும் என்று அறிந்து பேசுகிறோம். அந்த வரிசை தாளுக்கு வந்துவிட்டால் பாதி வேலை முடிந்தது. எழுத்துப் பயிற்சி ஆசிரியர் பீட்டர் எல்போ 1973இல் எழுதிய நூலின் மூலம் பரவிய தடையற்ற எழுத்துப் பயிற்சியும் இதைத்தான் செய்கிறது: பத்து நிமிடம், கையை நிறுத்தாமல், அடிக்காமல், திருத்தாமல், ஒன்றும் தோன்றாவிட்டால் "ஒன்றும் தோன்றவில்லை" என்றே எழுதிக்கொண்டு போவது. கதவருகே நிற்கிற பரிசோதகரைக் கொஞ்ச நேரம் வெளியே அனுப்புகிற வேலை அது.

ஆனால் எழுதிக்கொண்டே இருந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ரால்ஃப் எலிசனைப் பாருங்கள். 1952இல் வெளிவந்த முதல் நாவலே அவரை அமெரிக்க இலக்கியத்தின் பெரிய பெயராக்கியது. அடுத்த நாவலுக்காக, 1994இல் இறக்கும் வரை, ஏறக்குறைய நாற்பது ஆண்டுகள் உழைத்தார். அவர் சும்மா உட்காரவில்லை. ஆயிரக்கணக்கான பக்கங்கள் எழுதிக் குவித்தார். அத்தனை பக்கங்களும் ஒரு முழு நூலாகச் சேரவே இல்லை. அதே அமெரிக்காவில் நேர் எதிரான இன்னொருவர் ஜோசப் மிட்செல். 'நியூயார்க்கர்' இதழின் மதிப்புமிக்க எழுத்தாளர். 1964இல் தன் கடைசிப் பெரிய கட்டுரையை வெளியிட்ட பிறகு, 1996இல் இறக்கும் வரை அந்த இதழில் புதிதாக எதையும் அச்சுக்குத் தரவில்லை. ஆனால் அலுவலகத்துக்கு வந்துகொண்டிருந்தார். ஒருவர் எழுதி எழுதி முடிக்காமலும் மற்றவர் வெளியிடவே இல்லாமலும் போனதை ஒரே சொல்லில் அடக்கிவிடுகிறோம். அவர்கள் மனதில் என்ன நடந்தது என்று வெளியிலிருந்து யாரும் தீர்ப்புச் சொல்ல முடியாது. சொற்களின் வரத்து மட்டும் போதாது என்பதை எலிசனின் காகிதக் கட்டுகள் காட்டுகின்றன.

இன்று இது இன்னும் தெளிவாகத் தெரிகிறது. கணினியிடம் கேட்டால் எந்தத் தலைப்புக்கும் நொடியில் பத்திகள் கொட்டுகின்றன. சொல்லுக்குப் பஞ்சம் என்பதுதான் நோய் என்றால் அது இந்நேரம் தீர்ந்திருக்க வேண்டும். அப்படிக் கொட்டியதை எடுத்துவைத்துக்கொண்டும் மக்கள் திகைத்து உட்கார்ந்திருக்கிறார்கள். காரணம், முடிவு செய்ய வேண்டியவற்றை யாரும் முடிவு செய்யவில்லை.

என்னென்ன முடிவுகள்? சுமார் 800 ஆண்டுகளுக்கு முன் பவணந்தி முனிவர் நன்னூலில் இதற்கு அருமையான பட்டியல் தந்திருக்கிறார். ஒரு நூலின் பாயிரம், அதாவது முன்னுரை, எட்டு விஷயங்களைக் காட்ட வேண்டும் என்கிறார்: ஆக்கியோன் பெயர், வழி, எல்லை, நூற்பெயர், யாப்பு, நுதலிய பொருள், கேட்போர், பயன். இந்த எட்டில் கடைசி மூன்றும்தான் எழுத உட்காருகிறவருக்கு உயிர். எதைப் பற்றி? யாருக்கு? அவருக்கு இதனால் என்ன கிடைக்கும்? "ஆயிரம் முகத்தான் அகன்றது ஆயினும் பாயிரம் இல்லது பனுவல் அன்றே" என்று அவர் கறாராகவே சொல்கிறார். எவ்வளவு விரிந்து கிடந்தாலும் பாயிரம் இல்லாதது நூல் ஆகாது. பாயிரத்தை நூலாசிரியரே எழுதுவது மரபில்லை. அவருடைய ஆசிரியரோ உடன் படித்தவரோ மாணவரோ உரைகாரரோ எழுத வேண்டும். இந்த ஏற்பாடு எனக்கு மிகவும் பிடித்தது. இன்னொருவர் எடுத்துச் சொல்ல முடிகிற அளவுக்கு உங்கள் பொருளும் பயனும் உருப்பெற்றிருக்க வேண்டும் என்று அதற்குப் பொருள் கொள்கிறேன்.

இது வேலை செய்வதைப் பக்கத்திலிருந்து பார்ப்போம். தூக்கத்தைப் பற்றி ஒரு கட்டுரை எழுத வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். "தூக்கம் மனித வாழ்வின் இன்றியமையாத அங்கமாகும்" என்று ஆரம்பிக்கிறோம். அப்புறம் ஒன்றும் வரவில்லை. வராதது நியாயம்தான்; இந்த வாக்கியம் யாரிடமும் பேசவில்லை, அதனால் யாரும் அதற்கு அடுத்த கேள்வியைக் கேட்கவும் இல்லை. இப்போது எதிரே ஒரு ஆளைக் கொண்டுவந்து நிறுத்துவோம். பதினைந்து வயது மகன் இரவு ஒரு மணி வரை விழித்திருக்கிறான், காலையில் எழுப்பினால் எரிந்து விழுகிறான், சோம்பேறியாகிவிட்டானோ என்று கவலைப்படுகிற ஒரு அம்மா. அவருக்கு எழுதுகிறோம். படித்து முடித்ததும் அவர் மகனைத் திட்டுவதை நிறுத்திவிட்டு வேறு இரண்டு காரியங்களைச் செய்து பார்க்க வேண்டும், அதுதான் பயன்.

ஆள் வந்ததும் கேள்விகள் வரிசையில் வந்து நிற்கின்றன. இவன் வேண்டுமென்றே செய்கிறானா? இல்லை, வளரிளம் பருவத்தில் உடலின் உள் கடிகாரமே இரண்டு மணி நேரம் வரை பின்னால் நகர்ந்துவிடுகிறது, பத்து மணிக்குப் படுக்கச் சொன்னாலும் தூக்கம் வராது. அப்படியென்றால் எத்தனை மணி நேரம் தூங்க வேண்டும்? 13 முதல் 18 வயது வரை எட்டிலிருந்து பத்து மணி நேரம் என்பது தூக்க மருத்துவர்களின் பரிந்துரை. பள்ளி நேரம் மாறாதே, என்ன செய்வது? இங்கே காலை வெளிச்சத்தைப் பற்றியும் இரவில் திரை வெளிச்சத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். எப்போது டாக்டரிடம் போக வேண்டும்? கட்டுரையின் எலும்புக்கூடு தயாராகிவிட்டது. கூடவே எதை எழுத வேண்டாம் என்பதும் தெரிந்துவிட்டது: தூக்கத்தின் கட்டங்கள், கனவுகளின் வரலாறு, முதியோரின் தூக்கமின்மை எல்லாம் இந்த அம்மாவுக்கு இன்று தேவையில்லை. "மனித வாழ்வின் இன்றியமையாத அங்கம்" தானாக உதிர்ந்துபோகிறது.

இப்படி எலும்புக்கூடு போட்டுக்கொள்வதன் பலனை ரொனால்ட் கெல்லாக் என்ற உளவியலாளர் 1988இல் சோதித்துப் பார்த்தார். எழுதும் முன் குறிப்பு வரைந்துகொண்டவர்களின் எழுத்து தரத்தில் உயர்ந்திருந்தது. முதல் வரைவைக் கரடுமுரடாக எழுதச் சொன்னாலும் மெருகோடு எழுதச் சொன்னாலும் கடைசித் தரத்தில் பெரிய வேறுபாடு வரவில்லை. "முதலில் கிறுக்கித் தள்ளு, அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்" என்ற அறிவுரை தயக்கத்தை உடைக்க உதவும். எழுத்தை நல்லதாக்குவது பெரும்பாலும் அதற்கு முந்தைய யோசனைதான் என்று நான் இதைப் புரிந்துகொள்கிறேன்.

சரி, ஆளும் பயனும் தெரிந்தாயிற்று, மனநிலை வரட்டும் என்று காத்திருக்கலாமா? ராபர்ட் பாய்ஸ் என்ற உளவியலாளர் 1983இல் எழுத்து முடங்கிய 27 கல்வியாளர்களை மூன்று குழுவாகப் பிரித்தார். ஒரு குழுவுக்குத் தினமும் எழுதியே தீர வேண்டிய கட்டாயம். இன்னொரு குழு தோன்றும்போது மட்டும் எழுதலாம். மூன்றாவது குழு அவசரம் இருந்தால் ஒழிய எழுதவே கூடாது, எண்ணங்களைச் சேமித்துக்கொள்ளலாம். கட்டாயக் குழுவே நிறையப் பக்கங்கள் எழுதியதில் வியப்பில்லை. புதிய எண்ணங்களும் அவர்களுக்குத்தான் அதிகம் தோன்றின என்பதுதான் வியப்பு: அவர்களுக்கு நாளுக்கு ஒன்று, தோன்றும்போது எழுதியவர்களுக்கு இரண்டு நாளுக்கு ஒன்று, காத்திருந்தவர்களுக்கு ஐந்து நாளுக்கு ஒன்று. எண்ணம் வந்த பிறகு எழுதலாம் என்கிற வரிசையை இது தலைகீழாக்குகிறது.

பத்தொன்பதாம் நூற்றாண்டு ஆங்கில நாவலாசிரியர் ஆண்டனி டிரோலோப் தபால் துறையில் முழுநேர வேலை பார்த்துக்கொண்டே எழுதினார். விடியற்காலையில் கடிகாரத்தை எதிரே வைத்துக்கொண்டு கால் மணிக்கு 250 சொல் என்று கணக்கு. 47 நாவல்கள் சேர்ந்தன. எல்லோரும் டிரோலோப் ஆக வேண்டியதில்லை. அரை மணி நேரம் போதும். ஆனால் அது நாள்தோறும் ஒரே நேரமாக இருக்கட்டும். நிறுத்தும் இடத்தையும் யோசித்து நிறுத்தலாம். அடுத்து என்ன வரும் என்று தெரிந்திருக்கும்போதே எழுந்துவிட வேண்டும் என்பார் ஹெமிங்வே. வறண்டுபோகும் வரை எழுதிவிட்டு எழுந்தால் மறுநாள் வறட்சியிலிருந்துதான் தொடங்க வேண்டியிருக்கும்.

ஒன்றை இடையில் சொல்லியாக வேண்டும். எழுத்து மட்டும் இல்லாமல் சாப்பாடு, தூக்கம், பிடித்த மனிதர்கள் என்று எதிலுமே நாட்டம் போய்விட்டால், அது வாரக்கணக்கில் நீடித்தால், அதை எழுத்துப் பிரச்சினையாக நடத்தக் கூடாது. அது மனச்சோர்வாக இருக்கலாம். மருத்துவரைப் பார்ப்பதுதான் முதல் வேலை. துக்கத்திலும் கடும் களைப்பிலும் இருப்பவரிடம் சொல் கணக்கு கேட்பது கொடுமை.

இனி தெளிவு. எழுதி முடித்தவருக்குத் தன் எழுத்து தெளிவாகத்தான் தோன்றும். ஏன் என்பதை 1990இல் ஸ்டான்ஃபோர்டில் எலிசபெத் நியூட்டன் நடத்திய ஒரு சோதனை அழகாகக் காட்டுகிறது. சிலர் நன்கு தெரிந்த பாட்டின் தாளத்தை மேசையில் தட்ட வேண்டும். கேட்பவர் என்ன பாட்டு என்று சொல்ல வேண்டும். பாதிக்குப் பாதி கண்டுபிடித்துவிடுவார்கள் என்று தட்டியவர்கள் நம்பினார்கள். 120 பாட்டில் கேட்டவர்கள் கண்டுபிடித்தது 3. தட்டுகிறவர் மனதில் மெட்டு ஓடிக்கொண்டிருக்கிறது. கேட்பவருக்கோ வெறும் டக் டக். எழுதுகிறவருக்கும் இதே நிலைதான். நமக்குத் தெரிந்தது வாசகருக்குத் தெரியாது என்பதை உணர்வதே கடினமாக இருக்கிறது.

தமிழில் எழுதும்போது தெளிவைக் கெடுக்கிற இரண்டு பழக்கங்களைக் குறிப்பாகச் சொல்லலாம். இந்த வாக்கியத்தைப் பாருங்கள்: "பொதுக்குழுக் கூட்டத்தில் உறுப்பினர்கள் எழுப்பிய கோரிக்கைகளைக் கருத்தில் கொண்டு செயற்குழுவால் நியமிக்கப்பட்ட துணைக்குழு மேற்கொண்ட ஆய்வின் அடிப்படையில் தயாரிக்கப்பட்ட அறிக்கையில் பரிந்துரைக்கப்பட்டுள்ள மாற்றங்கள் விரைவில் நடைமுறைப்படுத்தப்படும்." இலக்கணப் பிழை ஒன்றும் இல்லை. தமிழில் வினைமுற்று கடைசியில் வருவதால், வாசகர் எழுப்பிய, நியமிக்கப்பட்ட, மேற்கொண்ட, தயாரிக்கப்பட்ட என்று ஒவ்வொரு எச்சத்தையும் சுமந்துகொண்டே கடைசி வரை நடக்க வேண்டியிருக்கிறது. அதுதான் முதல் பழக்கம், எச்சத்தின் மேல் எச்சம். இரண்டாவது, ஆளை மறைக்கிற 'படும்'. யார் நடைமுறைப்படுத்துவார்கள்? விரைவில் என்றால் எப்போது?

இப்படி எழுதிப் பார்க்கலாம்: "உறுப்பினர்கள் சில மாற்றங்களைக் கேட்டிருந்தார்கள். செயற்குழு அமைத்த துணைக்குழு அவற்றை ஆராய்ந்து அறிக்கை தந்திருக்கிறது. அறிக்கையில் உள்ள மாற்றங்களைச் செயலாளர் அடுத்த மாதம் முதல் தேதியிலிருந்து நடைமுறைக்குக் கொண்டுவருவார்." இதை எழுத வேண்டும் என்றால் செயலாளரா, தலைவரா, எந்தத் தேதி என்று எழுதுகிறவர் விசாரித்துத் தெரிந்துகொண்டாக வேண்டும். முதல் வாக்கியத்தை எதுவும் தெரியாமலேயே எழுதிவிடலாம். மங்கலான வாக்கியத்தைக் கிளறினால் உள்ளே பெரும்பாலும் விசாரிக்காத விவரமோ எடுக்காத முடிவோ இருக்கும். எழுத்தை முடக்குவதும் அதுதான், மங்கலாக்குவதும் அதுதான் என்பது என் எண்ணம். சொல்லை மட்டும் மாற்றித் தெளிவு கொண்டுவர முடியாமல் போவது இதனால்தான்.

திருத்தும் வேலைக்கும் நன்னூலே கைகொடுக்கிறது. நூலில் வரக்கூடாத பத்துக் குற்றங்களைப் பவணந்தியார் சொல்கிறார். குன்றக் கூறல், மிகைபடக் கூறல், கூறியது கூறல் ஆகியவற்றை எல்லோரும் அறிவார்கள். நான் அதிகம் பயன்படுத்துவது வேறு நான்கை. மற்றொன்று விரித்தல்: தொடங்கியதை விட்டுவிட்டு வேறொன்றை விரிக்கிற பத்தி, தூக்கக் கட்டுரையில் கனவின் வரலாறு இந்த வகை. வெற்றெனத் தொடுத்தல்: பொருளில்லாமல் சொல்லைக் கோப்பது, இன்றியமையாத அங்கங்கள் எல்லாம் இங்கே மாட்டும். சென்று தேய்ந்து இறுதல்: வேகமாகத் தொடங்கிப் போகப்போக இளைத்து முடிவது; கடைசிப் பக்கத்தில் களைத்துப்போய் எழுதியதை இது காட்டிக்கொடுக்கும். நின்று பயனின்மை: எல்லாம் சரியாக நிற்கிறது, ஆனால் யாருக்கும் எதற்கும் உதவவில்லை. இவற்றை எழுதும்போது நினைக்கக் கூடாது. வரைவு முடிந்து, முடிந்தால் ஒரு இரவு தள்ளி, ஒரு தடவைக்கு ஒரு குற்றம் என்று தேட வேண்டும். அப்போது மைக் ரோஸின் மாணவர்களை முடக்கிய அதே விதிகள் நமக்கு வேலைக்காரர்களாகிவிடுகின்றன.

கடைசியாக இன்னொருவர் கண். நண்பரிடம் கொடுத்து "எப்படி இருக்கிறது?" என்று கேட்டால் "நல்லா இருக்கு" என்பதைத் தவிர வேறு பதில் வராது, வந்தாலும் அது அவருடைய ரசனையைப் பற்றியதாக இருக்கும். அதற்குப் பதிலாக, அவர் படித்து முடித்ததும் தாளை வாங்கி மூடிவைத்துவிட்டு, "இதில் என்ன சொல்லியிருக்கிறது, யாருக்குச் சொல்லியிருக்கிறது?" என்று கேளுங்கள். அவர் பேசும்போது குறுக்கே விளக்காமல் குறித்துக்கொள்ளுங்கள். எந்த இடத்தில் அவர் நீங்கள் நினைத்ததற்கு மாறாகச் சொல்கிறாரோ, எந்த இடத்தில் "அதாவது..." என்று இழுக்கிறாரோ, அந்தப் பத்தியை எடுத்துவைத்துக்கொண்டு திரும்பவும் எதைப் பற்றி, யாருக்கு, என்ன பயன் என்ற அதே மூன்று கேள்விகளில் இருந்து தொடங்க வேண்டியதுதான்.